கொடைக்கானல் பாதரசம்: மீனை அளந்தீர்களா?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்த பிறகுதான் அதுவும் நடந்தது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 2016இல் முன்னாள் தொழிலாளர்களோடு ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. வளாகத்து மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுக்குச் சுத்தப்படுத்தினால் போதும் என்று நீங்கள் வகுத்தீர்கள். அந்த 20 போதுமா என்று வேண்டிய மட்டும் வாதாடியாகிவிட்டது. அந்தச் சண்டையை நான் மறுபடி கிளப்பவில்லை. மண்ணைத் தவிர வேறு எதை ஆண்டுதோறும் அளக்கிறீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பாதரசம் போட்ட இடத்தில் கிடக்காது. சாதாரண வெயிலிலேயே ஆவியாகிக் காற்றோடு போகும். ஆலை இருந்த மேட்டின் சரிவு பாம்பாறு சோலைப் பக்கம் இறங்குகிறது. கொடைக்கானல் ஏரியோ மேட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஆனால் ஏரிப் பக்கத்து மரங்களில் படர்ந்த பாசியை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டபோது, 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிப் பாசியைவிட அதில் ஏறக்குறைய 40 மடங்கு பாதரசம் இருந்தது. பாசிக்கு மரம் செடிபோல வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வந்து சேர்வதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. ஆக, பாதரசம் எந்த வழியாக ஏரிக்கு வந்திருக்கும் என்று அந்தப் பாசியே காட்டிக்கொடுத்துவிட்டது. ஏரித் தண்ணீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதை 2006இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. அதில் ஒரு பங்கு மெத்தில் பாதரசம்.

சிக்கலே அந்த ஒரு பங்கில்தான் இருக்கிறது. வெள்ளி நிறத்தில் உருளும் பாதரசத்தைத் தெரியாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். அதன் ஆவியைச் சுவாசித்தால் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். தொழிலாளர்கள் பட்ட பாடு அது. மூன்றாவது வழி ஏரியின் அடிச்சேற்றில் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில், கந்தகச் சேர்மங்களைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரிகளில் ஏறி, பூச்சி, சிறு மீன், பெரிய மீன், நீர்க்காகம் என்று ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. சாப்பிடுகிறவரின் குடலில் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்பட்டு மூளைக்குப் போகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் கடந்துவிடுகிறது. அது கொழுப்பில் இல்லை, சதையின் புரதத்தில் ஒட்டியிருக்கிறது. அதனால் குழம்பை எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எவ்வளவு புளி கரைத்து ஊற்றினாலும் போகாது.

காய்ந்த சரிவில் 20 மில்லிகிராம் பாதரசம் சும்மா கிடக்கலாம். அதைவிடக் குறைவான பாதரசம் மட்கிய கழிவு நிறைந்த, ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் போனால் அதிக மெத்தில் பாதரசம் உண்டாகலாம். கொடை ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். கழிவு மட்க மட்க அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். உங்கள் அலுவலகத்தில் கழிவுநீர் ஒரு கோப்பாகவும் பாதரசம் இன்னொரு கோப்பாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏரியின் அடியில் இரண்டும் ஒரே சேறுதான். வளாகத்து மண்ணை எத்தனை முறை கழுவினாலும், ஏற்கெனவே ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதை அந்த 20 என்ற எண் தொடாது.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் மெத்தில் பாதரச நோய் வெளியே தெரிந்தபோது, மக்களுக்கு அது வந்தது குடிதண்ணீரால் அல்ல. தினமும் சாப்பிட்ட மீனாலும் சிப்பியாலும்தான். அந்த ஊர்ப் பெயரில் உருவான பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2018இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது.

கொடை மீனைத் தொடாதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எண்கள் இல்லாமல் அப்படிச் சொன்னால் மீன் விற்பவர் வயிற்றில் அடித்ததாகிவிடும். எண்கள் இல்லாமல் ‘பயமில்லை’ என்பதும் அதே லட்சணம்தான். ஆகவே கேட்பது இதுதான்: ஏரி மீனை ஆண்டுக்கு ஒரு முறையாவது இனம், எடை வாரியாகப் பரிசோதியுங்கள். பெரிய, வயதான மீன்களை விட்டுவிடாதீர்கள். அவற்றில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். மொத்தப் பாதரசத்தோடு மெத்தில் பாதரசத்தையும் தனியாகச் சொல்லுங்கள். அதே மரப்பாசியை மறுபடி எடுத்துப் பார்த்தால் காற்று தெளிந்ததா என்பதும் தெரிந்துவிடும், அதற்குப் பெரிய செலவும் ஆகாது. முடிவுகளைத் தமிழில் ஏரிக்கரையிலேயே ஒட்டுங்கள்.

அப்புறம், பாம்பாறு. ஆலை திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சோலை வழியாக இறங்கும் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுவது தேனி மாவட்டத்தில். மாவட்ட எல்லையோடு மாதிரி எடுப்பது நின்றுவிடக் கூடாது. மழைக்காலத்தில் நுண்ணிய மண்ணும் மட்கிய இலைதழையும்தான் பாதரசத்தைச் சுமந்து வரும். அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், அருவிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடங்களிலும் வண்டல் எடுங்கள். எந்தெந்த இடங்கள் என்பதைப் பெரியகுளத்து விவசாயிகளையும் மீன் பிடிப்பவர்களையும் கூட வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் எங்கே தேங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
கும்பக்கரைக்குக் கீழே குடியிருக்கும் ஒருவன்