போன் மோ பற்றி நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

'போன் மோ' என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். பிரெஞ்சில் 'போன்' என்றால் நல்ல, 'மோ' என்றால் சொல். பேச்சோடு பேச்சாகச் சட்டென்று வந்து விழும் சாமர்த்தியமான வார்த்தைக்கு அந்தப் பெயர். 'மோ'வின் பூர்வீகம் எனக்கு மிகவும் பிடித்தது: பிற்கால லத்தீனில் 'முத்தும்' என்றால் முனகல். இத்தாலியர்களின் 'மோட்டோ'வும் அதே வேரில் வந்ததுதான். 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் போன் மோவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நூற்றாண்டில் பாரிஸில் பெரிய வீட்டுப் பெண்மணிகள் தங்கள் வரவேற்பறையில் எழுத்தாளர்களையும் பிரபுக்களையும் கூட்டிப் பேச வைப்பார்கள். அதற்கு சலோன் என்று பெயர். அப்படிச் சபை நடத்தியவர் மதாம் து தெஃபான். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் பார்வை போய்விட்டது, ஆனாலும் சபை நிற்கவில்லை. பாரிஸின் பழங்காலப் பிஷப்பான புனித தெனியின் தலையை வெட்டியதும், அவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுதூரம் நடந்தார் என்பது அங்கத்திய ஐதிகம். ஒரு கார்டினல், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்நிலைக் குரு, அவ்வளவு தூரமா என்று வியந்து சொல்ல, அம்மையார், "தூரம் ஒன்றும் பெரிதில்லை, முதல் அடிதான் கஷ்டம்" என்றாராம். 1763-இல் கணித அறிஞர் தலாம்பேருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். பிரெஞ்சில் அது பழமொழியாகவே ஆகிவிட்டது. யாரையும் புண்படுத்தவில்லை, கதையை மறுக்கவும் இல்லை. அதன் உள்ளேயே நின்று ஒரு கேள்வியை எழுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்த போன் மோக்களில் இதுதான் உசத்தி.

1804-இல் நெப்போலியன் பழைய அரச வம்சத்து ஆங்கியான் கோமகனைச் சுட்டுக் கொல்லவைத்தபோது, "இது குற்றத்தைவிட மோசம், இது தவறு" என்று ஒருவர் சொன்னார். நெப்போலியனிடம் அமைச்சர்களாக இருந்த தாலேரான் என்பார்கள், ஃபூஷே என்பார்கள், இன்னொரு பெயரும் அடிபடுகிறது. கூர்மையான பேச்சுதான், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. போன உயிரைக் கணக்குப் பிழையாகப் பார்க்கிறது.

அப்புறம் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவ எழுத்தாளர் திதரோ. வங்கியாளர் நெக்கர் வீட்டு விருந்தில் ஒருவர் சுருக்கென்று எதையோ சொல்ல, இவருக்கு வாயடைத்துப் போயிற்று. என்னைப் போல் சட்டென்று மனம் கலங்குகிறவன் படிக்கட்டின் அடிக்கு வந்த பிறகுதான் தெளிவடைகிறான் என்று பின்னால் எழுதினார். தாமதமாகத் தோன்றும் பதிலை இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் 'மாடிப்படிச் சாமர்த்தியம்' என்கிறார்கள். அவ்வளவு பெரிய அறிவாளி அதை ஒளிக்காமல் எழுதியதாலேயே அவர் மீது எனக்குப் பிரியம்.

இதெல்லாம் நமக்குக் கிடைத்தது யாரோ எழுதி வைத்ததால்தான். உன் அப்பா பஞ்சாயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பதில்களை ஒரு நோட்டில் எழுதிவிடு. உன்னளவுக்கு நினைவு வைத்திருப்பவர் வேறு யாரும் இல்லை. தை பிறந்ததும் அங்கே வருகிறேன்.

அன்புடன்,
கதிரேசன்