பிந்திய நன்றி நவிலல்

எங்கள் ஊர்ப் பக்கம் நன்றி நவிலல் அச்சடிப்பது பெரும்பாலும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான். மலர்வளையம் வைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள் என்று பட்டியல் நீளும். இது உயிரோடு வீடு திரும்பியவனே எழுதுவது. அதுவும் இத்தனை வருடம் பிந்தி. அப்போதே எழுதியிருந்தால் உதவியவர்களின் வாசலிலும் ஜீப் வந்து நின்றிருக்கும்.

2008 செப்டெம்பரில், கடந்த ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டும் என்றார்கள். நானும் வரிசையில் நின்று பதிந்தேன். மூன்று வாரம் கழித்து, வெள்ளவத்தை லொட்ஜில் நடந்த நள்ளிரவுச் சோதனையில், அந்தப் பதிவுத் துண்டை நீட்டிக்கொண்டு நின்ற என்னைத்தான் ஏற்றினார்கள். பிறந்த இடம் கிளிநொச்சி. அதை வாசிக்கக்கூடத் தேவையில்லை. அந்த நாளில் சிங்களவரின் அடையாள அட்டையில் சிங்களம் மட்டும், எங்களுடையதில் தமிழும் சேர்ந்து இருக்கும். எட்ட நின்றே ஆளைப் பிரித்துவிடலாம். 97 நாள் உள்ளே இருந்தேன். என்ன குற்றம் என்று எவரும் சொல்லவில்லை.

லொட்ஜ் முகாமையாளர் அண்ணைக்கு முதல் நன்றி. அன்றிரவே பதிவேட்டில் என் பெயருக்கு நேரே நேரத்தையும் ஜீப்பின் இலக்கத்தையும் குறித்து வைத்தவர் அவர். அம்மாவுக்குக் கைதுத் துண்டு எதுவும் கிடைக்கவில்லை. "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று இரண்டு நிலையங்களில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதில் வாயைத் திறக்க வைத்தது அந்த ஒரு வரிதான். அண்ணை, அறைத் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முன் கடைச் சிங்கள அக்கா, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்பதற்காகவே கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனவர். ஒரு நிலைய வாசலில் அம்மா நெற்றிப் பொட்டை அழிக்கப் போக, "எபா அம்மே", வேண்டாம் அம்மா, என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அடி வாங்கிய கதைகளை நான் மறந்தாலும் அம்மா இதை மறக்கவில்லை. ஓட்டோக் காசையும் அவர் வாங்கவில்லை.

அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட்டாக வேண்டும். எங்கள் சட்டத்தரணி ஐயா 29ஆம் நாள் போட்டார். கட்டணத்தைக் கேட்டால், "பொடியன் வரட்டும்" என்பார். வந்த பிறகும் வாங்கவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலமே நீதிமன்றத்தில் சான்றாகிவிடும். விளங்காத மொழியில் இருந்த தாளில் ஒப்பமிட்டுவிட்டு வருடக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள் எத்தனை பேர்! எனக்கும் மூன்று தாள் சிங்களத்தில் தட்டச்சாகித் தயாராக இருந்தது. தேநீர் கொண்டுவந்த கொன்ஸ்தாபிள், கோப்பையை வைக்கக் குனிந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே "அத்சன் கரன்ன எபா" என்றார். 'எபா' மட்டும்தான் விளங்கியது. ஒப்பம் வைக்கவில்லை.

அவருடைய சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சிங்களத்தில். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

இப்படிக்கு,
9ஆம் அறையில் இருந்தவன்