அரைக் கட்டை இறக்கினால் என்ன, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். பர்மிங்ஹாமில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். கழுத்தை மூடிக்கொள்ளாமல் ராத்திரியில் வெளியே சுற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் நான் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் கடைசி வரி வரை படிப்பாய் என்று தெரியும்.

உன் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன், எல்லாப் பாட்டையும் சுருதியில் அரைக் கட்டை இறக்கிப் பாடலாம் என்றானாம். உனக்கு முகம் சுண்டிவிட்டது. "முப்பத்து மூணு வயசுலயே என் குரல் போயிடுச்சாம்மா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு அம்மாவாகச் சொல்வதா, தொண்டைகளைப் பார்த்துப் பிழைக்கிறவளாகச் சொல்வதா என்று தடுமாறினேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்.

குரல் போகவில்லை. மாறுகிறது. ஆனால் அது தானாக மாறுகிறதா, அடிபட்டு மாறுகிறதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டும் வேறு வேறு.

எங்கள் கிளினிக்கில் ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்யும்போது நான் திரையில் என்ன பார்க்கிறேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. குரல் நாண் அதிர்வதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, அவ்வளவு வேகம். சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு நூறு, நூற்றிருபது முறை இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று முட்டிப் பிரிகின்றன. நீ பாடுகிற அந்த உச்ச இடங்களில் ஐந்நூறைத் தாண்டும். அதனால் விளக்கை விட்டு விட்டு மின்ன வைத்து, மெதுவாக நடப்பது போலக் கண்ணுக்குக் காட்டுகிறோம். நல்ல நாண் முத்து வெள்ளையாக இருக்கும். மேலே மெல்லிய தோல், அதற்குக் கீழே கொழகொழவென்று ஒரு அடுக்கு, அதற்கும் கீழே தசை. அந்த நடு அடுக்கு நெகிழ்வாக இருக்கும் வரைக்கும் ஓரத்தில் ஒரு அலை ஓடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. மொத்தம் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள சதை, அதை வைத்துக்கொண்டுதான் மனிதர்கள் ஒரு மைதானத்தையே எழுந்து நிற்க வைக்கிறார்கள்.

உச்சத்தில் பாட வேண்டுமென்றால் இந்த நாண்கள் இழுபட்டு, நீண்டு, மெலிய வேண்டும். இளவயதில் குரல்வளைக் குருத்தெலும்பு வளையும், நாண் சொன்னபடி இழுபடும். வயது ஏற ஏறக் குருத்தெலும்பு இறுகி எலும்பாகிக்கொண்டே வருகிறது, நடு அடுக்கின் நெகிழ்வும் குறைகிறது. முப்பதுகளில் ஆண் குரல் கனத்து அடர்த்தியாவது இயல்பு. மிகவும் பின்னால், எழுபதை நெருங்கும்போது, தசை மெலிந்து நாணின் ஓரம் வளைய ஆரம்பிக்கும். நடுவில் இடைவெளி விழுந்து காற்று கசியும். உனக்கு அதற்கெல்லாம் ரொம்ப நாள் இருக்கிறது.

இனி உன் ஆளுக்கு வருகிறேன். நீ காலேஜ் படிக்கும்போது வீட்டில் ராத்திரி பகலாக ஓடிய ஆங்கில ராக் குழு, லெட் ஸெப்பெலின். அப்பா கதவைச் சாத்திக்கொள்வார், நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட் பிறந்த வெஸ்ட் ப்ரோம்விச்சுக்கு உன் ஊரிலிருந்து டிராமிலேயே போய்விடலாம் என்று நீதானே சொன்னாய். அந்த மனிதருடைய குரலை என் தொழில் காதோடு வரிசையாகக் கேட்டிருக்கிறேன். நீ அவரை இருபது வயதுக் குரலாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறாய் என்பதுதான் என் குறை.

1948இல் பிறந்தவர். முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தபோது வயது இருபது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நான்கு முறை அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். பின்னால் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள், பக்கத்தில் டிரம்மர் ஜான் பானம் டிரம்ஸை அடிக்கிற அடி. தன் குரல் தனக்கே கேட்கும்படி வைக்கிற மேடை ஸ்பீக்கர்கள் இன்று இருக்கிற தரத்தில் அன்றைக்கு இல்லை, காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டர் பேச்சுக்கே இடமில்லை. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்ன விஷயம். எங்களிடம் வருகிற பள்ளிக்கூட டீச்சர்களுக்கும் இதே கதைதான். அறுபது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி நாணில் காய்ப்பு விழுந்து வருவார்கள்.

1972 ஜூனில் கலிஃபோர்னியாவில் அவர்கள் வாசித்த பதிவு பிறகு வெளிவந்ததே, அதைப் போடு. அடுத்து 1973 ஜூலை நியூயார்க் பதிவைப் போடு. நடுவில் ஒரே ஒரு வருஷம். ஆனால் முதலாவதில் அவர் உச்சத்துக்கு ஏறுவது படிக்கட்டு ஏறுகிற மாதிரி கூடத் தெரியாது, இரண்டாவதில் அதே பாட்டுகளில் மேல் வரிகளை மடக்கிக் கீழே கொண்டு வந்துவிடுகிறார். சில இடங்களில் மெட்டையே மாற்றிக்கொள்கிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்துகூட நிரம்பவில்லை! இது வயதால் வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓய்வில்லாத பயணம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கச்சேரிகள், புகை, ஜலதோஷத்தோடு பாடுவது. 1975 ஜனவரியில் காய்ச்சலோடு அமெரிக்க மேடைகளில் ஏறினார். குரல் கட்டியிருக்கும்போது பாடினால் நாணுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் கிரீஸில் ரோட்ஸ் தீவில் கார் விபத்து. அடுத்த ஆல்பத்தை மியூனிக்கில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாடி முடித்தார். மூச்சு எங்கிருந்து வருகிறது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடிபட்ட உடம்பை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு அந்த மாதிரிப் பாடுவது என்ன பாடு என்று யோசித்துப் பார். 1977இல் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்தார். 1980இல் பானம் இறந்தார், குழு கலைந்தது. குரலைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நாணை மட்டும் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

1985 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிற மேடை. பழைய குழுவினரோடு ஏறி, தொண்டை கரகரத்துப் போய்ப் பாடினார். அந்தப் பகுதியை அதிகாரபூர்வ டிவிடியில் சேர்க்கக்கூட அவர்கள் சம்மதிக்கவில்லை. முப்பத்தாறு வயது அப்போது, உன்னைவிட மூன்று வயதுதான் அதிகம். அதோடு முடிந்தது என்று எழுதியிருக்கலாம். முடியவில்லையே.

2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். ஐம்பத்தொன்பது வயதில் மறுபடியும் லெட் ஸெப்பெலின் பெயரில் மேடை ஏறினார். இறந்துபோன ஜான் பானமுக்குப் பதில் அவர் மகன் ஜேசன் பானம் டிரம்ஸ். நீ அந்த வீடியோவை நூறு தடவை பார்த்திருப்பாய். சுருதியைக் கவனித்தாயா? பல பாட்டுகளை அசலிலிருந்து இறக்கித்தான் வாசிக்கிறார்கள். அரங்கத்தில் இருந்த யாராவது எழுந்து வெளியே போனார்களா? கிட்டார் தந்தியைத் தளர்த்தியதில் அந்தப் பாட்டுகளுக்கு இன்னும் கனம் ஏறியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உச்சிக்கு எம்பிப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் அவர் வார்த்தைகளின் மேல் நின்று, நிதானித்துப் பாடுகிறார். அரைக் கட்டையை நீ தோல்வி என்று நினைக்கிறாயே, குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜும் பேஸ் வாசிக்கிற ஜான் பால் ஜோன்ஸும் பக்கத்தில் நிற்கும்போதே அவர் அதைச் செய்தார்.

அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு ஊர் ஊராகப் போகலாம் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போகவில்லை. அலிசன் க்ராஸ் என்ற, ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகியோடு அதே வருஷம் அக்டோபரில் ஒரு ஆல்பம் போட்டிருந்தார், 2008இல் அவரோடுதான் சுற்றினார். இந்த ஆல்பத்தை நீ சரியாகக் கேட்கவில்லை என்பது என் சந்தேகம். அம்மாவுக்காக ஒரு தடவை ஹெட்போன் போட்டுக் கேள்.

அதில் ஒரு பாட்டு, கடிதத்தைப் படித்துவிடு என்று கெஞ்சுகிற பாட்டு. அதையே 1998இல் ஜிம்மி பேஜோடு சேர்ந்து ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். பழையதில் கிட்டார் முன்னே நிற்கிறது, குரல் அதோடு மல்லுக்கட்டுகிறது. புதியதில் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அவருடைய குரல் ஏறக்குறைய பேச்சின் அளவுக்கு இறங்கி இருக்கிறது, அலிசனின் குரல் மேலே ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கிறார்கள், ஒரே நேரத்தில் வார்த்தையை முடிக்கிறார்கள். வரி முடியும்போது அவர் குரலில் லேசாகக் காற்று கசிவது கேட்கும். என் கிளினிக்கில் அதை ஒரு குறையாகக் குறித்து வைப்பேன். அந்தப் பாட்டில் அந்தக் கசிவுதான் என் கண்ணில் தண்ணீர் வரவழைக்கிறது.

லெட் ஸெப்பெலினில் அவர் பெரும்பாலும் தனிக் குரல். 1971இல் ஸாண்டி டென்னி கூடப் பாடிய ஒரு பாட்டைத் தவிர, இன்னொரு பாடகிக்குப் பக்கத்தில் நின்று பாடிய பழக்கம் அங்கே கிடையாது. தனியாகப் பாடுகிறவன் நினைத்த இடத்தில் இழுக்கலாம், வளைக்கலாம். சேர்ந்து பாடும்போது மற்றவர் எங்கே நிற்கிறார் என்று காது அங்கேயே இருக்க வேண்டும். அறுபதை நெருங்குகிற வயதில் ஒரு மனிதர் அதைப் புதிதாகப் பழகினார். 2009 பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்கு ஐந்து கிராமி. அதில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் ஒன்று. நான் சொன்ன அந்தப் பாட்டுக்குத் தனியாக, வருஷத்தின் சிறந்த பதிவு என்று இன்னொன்று. எனக்கு விருது பெரிய விஷயமில்லை. இருபது வயதில் அவரால் இந்தப் பாட்டை இப்படிப் பாடியிருக்க முடியாது, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

2023 அக்டோபரில், எழுபத்தைந்து வயதில், புற்றுநோய் நிதிக்காக நடந்த ஒரு சின்ன நிகழ்ச்சியில் லெட் ஸெப்பெலினின் மிகப் பிரபலமான பாட்டான 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடினார். ஓ2வுக்குப் பிறகு அதுவரை அதைத் தொடவே இல்லை. தாழ்ந்த குரலில், அலட்டிக்கொள்ளாமல். அதையும் தேடிக் கேள்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராக் பாடகர் ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்கத்துக் குரல் நாண் மெலிந்து சுருங்கிப்போனது. இரண்டு நாண்களும் சரியாகச் சேரவில்லை. 2022இல் அறுவை சிகிச்சை செய்து, மெலிந்த நாணை நடுப்பக்கம் தள்ளி நிறுத்தும்படி உள்ளே ஒரு சிறு துண்டு வைத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகுதான் 2024இல் புது ஆல்பம் வந்தது. சுருதியை இறக்கினால் சரியாகிவிடுகிற கேஸ் அல்ல அது. அதனால்தான் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதே என்கிறேன்.

உன்னிடம் எனக்குக் கவலை தருகிற விஷயம் உச்சம் எட்டாதது இல்லை. காலையில் எழுந்ததும் குரல் அடைத்திருக்கிறது, மதியம்தான் தெளிகிறது என்று போகிற போக்கில் சொன்னாய் பார், அதுதான். எத்தனை நாளாக? மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஜிபியிடம், அதாவது உன் பொது மருத்துவரிடம் போய், காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு வாங்கு. "பாடகன்" என்று மறக்காமல் சொல், ஸ்ட்ரோப் வைத்துப் பார்க்கச் சொல். காய்ப்பு ஆரம்ப நிலையில் இருந்தால் ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் குரல் பயிற்சியும் போதும். அதைக் கரைத்து அனுப்பிய பாடகர்கள் எங்களிடம் நிறைய.

அதுவரைக்கும் சிலதைச் செய். கிசுகிசுப்பது ஓய்வு என்று நினைக்காதே, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறாய், போனில் எனக்குக் கேட்கிறது. செருமல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்கு. கச்சேரி முடிந்ததும் பப் சத்தத்தில் நின்று ஒரு மணி நேரம் கத்திப் பேசுவதை விடு, பாதி சேதம் அங்கேதான். அப்பா பனங்கற்கண்டும் மிளகும் பார்சலில் வைத்திருக்கிறார். பாலில் போட்டுக் குடி, இதமாக இருக்கும். விழுங்குகிறது எதுவும் நாணின் மேல் படாது, அதனால் அதைக் குடித்துவிட்டோம் என்று டாக்டரைத் தள்ளிப் போடாதே.

அப்புறம், அந்த பேஸ் பையன் சொன்னபடி ஒரு பாட்டை அரைக் கட்டை இறக்கி, மைக் எதுவும் இல்லாமல், ரூமில் உட்கார்ந்து பாடி போனில் பதிவு செய்து அனுப்பு. நடுவில் தடுமாறினாலும் வெட்டாதே, அப்படியே அனுப்பு. எந்த இடத்தில் முகவாயைத் தூக்குகிறாய், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறாய் என்று கேட்டுவிட்டு நேரம் குறித்து எழுதுகிறேன். உனக்குத் தெரியாமல் இன்னொன்றும் கேட்பேன், உன் நடுக் குரலை. இத்தனை வருஷமாக நீ அதை உச்சத்துக்குப் போகிற வழியாக மட்டுமே வைத்திருக்கிறாய். உன் வீட்டில் நீ சும்மா முணுமுணுக்கும்போது அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

ஜிபி என்றைக்கு வரச் சொன்னார் என்று மெசேஜ் போடு. புதன்கிழமை மட்டும் நான் கிளினிக்கில் ராத்திரி எட்டு மணி வரை இருப்பேன், மற்ற நாள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா