வட்டாரப் பணத்தை வட்டாரமே தீர்மானிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், முக்கியமான சட்டங்களை மக்களே நேரடியாக வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும் என்ற யோசனை வருகிறது. உதாரணமாகச் சுவிட்சர்லாந்தும் காட்டப்படுகிறது. அங்கே பதினெட்டு மாதங்களுக்குள் 100,000 கையெழுத்துகளைத் திரட்டினால் அரசியலமைப்புத் திருத்தமொன்றை வாக்கெடுப்புக்கு விடலாம் என்பது உண்மைதான். ஆனால் 2009ஆம் ஆண்டு பள்ளிவாசல்களுக்குப் புதிய மினாராக்கள் (கோபுரங்கள்) கட்டுவதற்குத் தடை வந்ததும் அதே வழியில்தான் என்பதை, சிறுபான்மையினரான தோட்டத் தமிழர், மலையகத்தவராகிய நாம் மறந்துவிடலாகாது. 1948இல் நமது பிரஜாவுரிமையைப் பறித்தது பாராளுமன்றம். அன்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இலங்கையில் இதுவரை நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பும், விளக்குச் சின்னமா குடச் சின்னமா என்று 1982 டிசம்பரில் கேட்டு, பொதுத் தேர்தலைத் தள்ளிப்போடவே பயன்பட்டது.

ஆகவே நேரடி ஜனநாயகம் பிரதேச சபை வட்டாரத்திலிருந்து தொடங்குவதே நமக்குப் பாதுகாப்பு. தோட்டங்களுக்குச் செலவிட முடியாமல் தடுத்துவந்த 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. செலவிட வழி பிறந்ததே தவிர, எதற்குச் செலவிடுவது என்று நம்மைக் கேட்பார் இல்லை. எங்கள் டிவிஷனில் மண்சரிவில் தண்ணீர்க் குழாய் உடைந்து, மேல் லயத்துப் (வரிசை வீட்டுப்) பெண்கள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன், இருட்டிலேயே குடத்தோடு பீலித் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஏற்கனவே கொங்கிரீட் போட்டிருந்த கோவில் பாதைக்கு மறுபடியும் கொங்கிரீட் போட்டார்கள். உறுப்பினரிடம் கேட்டதற்கு, நாங்கள் கையெழுத்திட்ட மகஜரையே எடுத்துக் காட்டினார். கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்க நின்றவர்களிடம் வாங்கிய கையெழுத்து அது. அவ்வழியே போன நானும், முப்பது வருடம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவன், வாசிக்காமலே ஒப்பமிட்டிருந்தேன்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பாளர்களே கூடித் தீர்மானிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதுபோல, வட்டாரத்துக்குரிய தொகையை ஒரு மாதம் முன்னதாகத் தமிழில் எழுதி ஒட்டி, வருடத்துக்கு இரண்டு முறை வட்டார மக்கள் கூடி எடுக்கும் முடிவு, ஆலோசனையாக நின்றுவிடாமல், சபையைக் கட்டுப்படுத்த வேண்டும். கூட்டம் வேலை நாளில் வைக்கப்பட்டால், அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடும் என்ற பயத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் வரமாட்டார்கள். பிறகு சங்கத் தலைவர்மார் மட்டும் கூடிக் கலைவார்கள்.

இன்னொன்று, சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் மக்கள் சதுக்கத்தில் கூடிக் கைதூக்கி வாக்களிப்பது பார்க்க அழகாக இருக்கலாம். வேலை கொடுப்பவரும் சங்கத் தலைவரும் பார்த்துக்கொண்டிருக்க, தோட்டத்தில் யார் துணிந்து எதிராகக் கைதூக்குவார்? இங்கே இரகசிய வாக்குச் சீட்டே வேண்டும். பிரதேச சபைச் சட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது இதையும் சேர்க்குமாறு மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வற்புறுத்த வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா பூட்டித்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஸ்கெலியா.