பள்ளிப் பதிவேடுகளைக் காப்பாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரைகளையும், அதன் பிறகு வாசகர் கடிதங்களில் நடந்த வாதத்தையும் விடாமல் படித்தேன். தமிழ்நாடு இன்று இந்த நிலையில் இருப்பதற்குக் காமராஜர் என்ற ஒரு மனிதர்தான் காரணம் என்கிறார் ஒரு வாசகர். அன்று ஐந்தாண்டுத் திட்டப் பணம் நாடு முழுக்கப் போனது, யார் முதல்வராக இருந்திருந்தாலும் பள்ளியும் அணையும் வந்திருக்கும் என்கிறார் இன்னொருவர். பின்னால் வந்த ஆட்சிகளைச் சொல்கிறார் மூன்றாமவர். மூவருமே மனதார நம்பித்தான் எழுதுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை காண முடியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முடியும் என்றே நான் நினைக்கிறேன். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் வட்டார அளவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயிர் அறுவடைப் பரிசோதனை, மழை அளவு, அடங்கல் கணக்கு என்று ஊர் ஊராகப் போய்த் தாள்களோடு வாழ்ந்தவன். காமராஜர் காலக் கேள்விக்குத் தேவையான தாள்கள் இன்னும் நம் பள்ளி பீரோக்களில் இருக்கின்றன. இருப்பவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிப்பட்ட கேள்விகளை உலகத்தில் எப்படித் தீர்க்கிறார்கள் என்பதற்கு இந்தோனேசியா நல்ல உதாரணம். 1970-களில் எண்ணெய் விலை ஏறியதில் கிடைத்த பணத்தைக் கொண்டு சுகார்த்தோ அரசு தொடக்கப் பள்ளிகள் கட்டியது. 1973-இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 61,000-க்கும் மேல் கட்டி முடித்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகள் எங்கே அதிகமோ அந்த மாவட்டத்துக்கு அதிகப் பள்ளிகள் என்பது விதி. எஸ்தர் டஃப்லோ (2019-இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர்) 2001-இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் வயதைப் பிடித்துக்கொண்டது. 1974-இல் 12 வயதைத் தொட்டுவிட்டவர்களுக்குப் புதுப் பள்ளியால் பயன் இல்லை. 2 முதல் 6 வயதில் இருந்தவர்களுக்கு முழுப் பயன். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவிலுள்ள படிப்பு வித்தியாசம், நிறையப் பள்ளி கட்டிய மாவட்டத்தில் எவ்வளவு, குறைவாகக் கட்டிய மாவட்டத்தில் எவ்வளவு என்று 1995-இல் எடுத்த சர்வேயை வைத்துப் பார்த்தார். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடியபோது சராசரிப் படிப்பு 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியிருந்தது. அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போனபோது வாங்கிய சம்பளம் 1.5 முதல் 2.7 சதவீதம் வரை ஏறியிருந்தது. எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளி என்ற பட்டியல் அரசிடம் இருந்ததால்தான் இவ்வளவும் சாத்தியமானது.

அதே டஃப்லோ பின்னர் செய்த ஆய்வையும் நம் அரசியல்வாதிகள் படிக்க வேண்டும். படித்த இளைஞர்கள் பெருகிய மாவட்டங்களில், பள்ளித் திட்டத்துக்கு முன்பே வளர்ந்துவிட்ட மூத்தவர்களின் கூலி குறைந்தது. பள்ளி வந்த வேகத்தில் தொழில் முதலீடு வரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் நினைவுதான் வரும். பள்ளிகள் திறந்த அதே காலத்தில்தான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் வந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல், வைகை அணை 1959-இல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. கிராமத்துக்குக் கரண்ட், கிணற்றுக்குப் பம்பு செட். இவற்றில் எது எதற்கு உதவியது? பள்ளியும் கரண்டும் ஒரே ஆண்டில் வந்த ஊர், பள்ளி முதலில் வந்த ஊர், கரண்ட் முதலில் வந்த ஊர் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஊர்வாரியாகப் பள்ளி, மின்சாரம், சாலை உண்டா இல்லையா என்று இருக்கிறது. எந்த ஆண்டு வந்தது என்பது அதில் இல்லை.

பழைய தாளின் மதிப்பு என்ன என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் உப்பு. வெள்ளைக்காரன் போட்ட ரயிலால் இந்திய விவசாயிக்கு லாபமா நட்டமா என்பது நூறாண்டு வாதம். டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியலாளர் அந்தக் காலத்து அரசு ஆவணங்களில் மாவட்டவாரியாக எழுதி வைத்திருந்த உப்பு விலையை எடுத்தார். ஒவ்வொரு ரக உப்பும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே விளைந்தது. ஆகவே விளைந்த இடத்து விலைக்கும் விற்ற இடத்து விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் போக்குவரத்துச் செலவு. ரயில் வந்ததும் அந்த வித்தியாசம் எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிட்டார். ரயில் தொட்ட மாவட்டத்தில் விவசாய வருமானம் சுமார் 16 சதவீதம் கூடியிருந்தது என்பது அவர் கண்டது. உப்பு விலையைக் குறித்து வைத்த அந்தக் குமாஸ்தாக்களுக்கு இது எதற்கு உதவும் என்று தெரிந்திருக்காது. எழுதியது அழியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். தலைவரால் வளர்ச்சி மாறுகிறதா, அல்லது வளர்ச்சி வரும் நேரத்தில் தலைவருக்குப் பெயர் கிடைக்கிறதா? இதைப் பிரிப்பது கடினம். ஜோன்ஸ், ஓல்கன் என்ற இருவர் 2005-இல் ஒரு வழி கண்டார்கள். பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ இறந்துபோன 57 நாட்டுத் தலைவர்களை எடுத்தார்கள். சாவு பொருளாதாரத்தைப் பார்த்து வருவதில்லை. ஆகவே சாவுக்கு முன்னும் பின்னும் வளர்ச்சி மாறியிருந்தால் அதில் தலைவரின் பங்கு இருக்கிறது. சீனாவில் 1976-இல் மாவோ இறந்த பிறகும், மொசாம்பிக்கில் 1986-இல் சமோரா மாச்செல் விமான விபத்தில் இறந்த பிறகும் வளர்ச்சி மாறியது. ஆனால் இந்த மாற்றம் பெரிதாகத் தெரிந்தது தட்டிக்கேட்க ஆளில்லாத ஆட்சிகளில். மக்களாட்சி நாடுகளில் அப்படித் தெரியவில்லை.

இதை வைத்துக்கொண்டு, மக்களாட்சியில் முதல்வர் யாராக இருந்தால் என்ன என்று முடிவு கட்டுவது தவறு என்பது என் கருத்து. அந்த ஆய்வு பார்ப்பது சாவைச் சுற்றியுள்ள சில ஆண்டுகளை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை சம்பளம் வாங்க இருபது ஆண்டு ஆகும். காமராஜர் 1954 ஏப்ரலில் முதல்வராகி 1963 அக்டோபரில் விலகினார். அவர் திறந்த பள்ளியில் சேர்ந்தவர்கள் வேலைக்குப் போனது 1970-களில். ஒரு பள்ளியின் பலனை அளக்க அந்த அளவுகோல் போதாது. இன்னொரு வகை ஆய்வு வேண்டும். பீகாரில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000 வரை இரண்டும் ஒரே மாநிலம். மண்ணும் மக்களும் ஒன்று, ஆட்சி மட்டும் வேறு. உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள் என்பது அவர்கள் கண்டது.

அப்படி ஓர் ஒப்பீட்டுக்கு நம்மிடம் ஓர் இடம் தயாராக இருக்கிறது. அது என் சொந்த ஊர்ப் பக்கம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி, சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போய்விட்டது. ம.பொ.சி. முதலானோர் போராடி, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. அதாவது, காமராஜர் ஆட்சியின் முதல் ஆறு ஆண்டு சத்தியவேட்டுக்குக் கிடைத்தது, திருத்தணிக்குக் கிடைக்கவில்லை. கடைசி மூன்றரை ஆண்டு திருத்தணிக்குக் கிடைத்தது, சத்தியவேட்டுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற மக்கள். 1945-க்கும் 1960-க்கும் இடையில் பிறந்தவர்கள் இந்த இரண்டு பகுதியிலும் எத்தனை வகுப்பு படித்தார்கள் என்று பார்த்தால் வாசகர்களின் வாதத்தில் பாதி தீர்ந்துவிடும். ஊர்களைப் பிரித்தபோது மொழியையும் பார்த்துத்தான் பிரித்தார்கள் என்பதால் அதை ஆய்வாளர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். இன்றைய வருமானத்தை ஒப்பிட்டாலும் குழப்பம்தான், ஏனென்றால் சத்தியவேடு பக்கம் பின்னாளில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்துவிட்டது. அதனால்தான் அன்றைய படிப்பைப் பார்க்கச் சொல்கிறேன்.

அதற்கான ஆதாரம் தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு. எங்கள் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். நீளவாக்கில் தடித்த நோட்டு, முதுகில் சிவப்புத் துணி. 1950-களின் பக்கங்கள் தெலுங்கில் இருக்கின்றன. 1960-க்குப் பிறகு அதே கட்டங்களில் தமிழ். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, விலகிய காரணம். தொழில் கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் நெசவு, நெசவு, கூலி, நெசவு. காரணக் கட்டத்தில் பல இடங்களில் ‘தொடர்ந்து வரவில்லை’ என்பதே. ஒரு தலைமுறையின் கதை இதைவிடச் சுருக்கமாக எங்கும் எழுதப்பட்டிருக்காது.

அந்தப் பதிவேட்டில் என் அண்ணன் தெலுங்குப் பக்கத்தில் இருக்கிறார், நான் தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறேன். அண்ணன் மூன்றாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தார். அவர் படித்தபோது எங்கள் பள்ளியில் மதியச் சோறு கிடையாது, நான் படித்தபோது இருந்தது. நான் பட்டம் வரை போனேன். இதைச் சொன்னால் உடனே எல்லோரும் காமராஜர் போட்ட சோறு என்பார்கள். நானும் அந்தச் சோற்றை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அண்ணன் நெய்த கூலியில்தான் எனக்கு நோட்டும் சட்டையும் வந்தன. அப்பாவுக்குத் தறியில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அது மூத்தவராகத்தான் இருக்க முடியும். சோறா, எல்லை மாறியதா, அண்ணன் உழைப்பா? எங்கள் ஒரு வீட்டை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. ஆயிரக்கணக்கான வீடுகளின் பதிவு சேர்ந்தால் பிரிக்கலாம்.

அப்புறம் அந்தப் பதிவேடுகளின் நிலைமை. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான கட்டடங்களை மாநிலம் முழுக்க இடித்தார்கள். இடிக்க வேண்டியதுதான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பீரோக்களை இடம் மாற்றியபோது பழைய நோட்டுகள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பள்ளியில் 1960-களின் பதிவேடு கரையான் அரித்து, நடுப்பக்கங்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருப்பதைப் பார்த்தேன். பிறந்த தேதிச் சான்றுக்காக முதியவர்கள் இன்றும் இந்தப் பதிவேட்டைத் தேடித்தான் பள்ளிக்கு வருகிறார்கள், தலைமை ஆசிரியர்கள் பொறுமையாகத் தேடியும் தருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. வைக்க இடமும் இல்லை, பாதுகாக்க நிதியும் இல்லை.

கணினியில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். பள்ளிகளின் விவரத் தொகுப்பில் தொடங்கிய ஆண்டு என்று ஒரு கட்டம் இருப்பது உண்மைதான். எங்கள் பக்கத்தில் சில பள்ளிகளுக்கு அதில் கட்டடம் கட்டிய ஆண்டைப் போட்டிருக்கிறார்கள். பள்ளி அதற்குப் பல ஆண்டு முன்பே கோயில் மண்டபத்திலோ யாருடைய திண்ணையிலோ நடந்திருக்கும். ஐந்தாறு ஆண்டு தவறினாலே ஆட்சி மாறிவிடும், ஆய்வு பாழ்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் வாயிலாக என் வேண்டுகோள் இது. 1970 வரையிலான சேர்க்கைப் பதிவேடுகளைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரும் பள்ளி எண்ணும் சேர்த்து ஒரே இடத்தில் வைக்க வேண்டும். ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும்போது பெயரை நீக்கிவிட்டு எண்ணாக மட்டும் கொடுக்க வேண்டும். சாதிக் கட்டமும் இருப்பதால் இதில் கண்டிப்பு தேவை. முந்நூறு பேர் வாழும் ஊருக்கு ஒரு பள்ளி என்பது அன்றைய விதி என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்த அரசாணையையும், அதன்படி பள்ளி பெற்ற ஊர்களின் பட்டியலையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து வெளியிட வேண்டும். 299 பேர் ஊருக்கும் 301 பேர் ஊருக்கும் வேறு எந்த வித்தியாசமும் இருக்காது என்பதால், விதி உண்மையிலேயே அப்படி இருந்திருந்தால் ஆய்வாளருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மின்வாரியமும் கிராமங்களுக்கு முதல் இணைப்பு கொடுத்த ஆண்டைத் தந்தால் பள்ளியையும் கரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். வரும் முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும். இப்போது இந்த ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கின்றன.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாது என்றால், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பகுதிகளில் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். தெலுங்குப் பக்கங்களைப் படித்துச் சொல்ல இரண்டு மொழியும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். கட்டம் கட்டமாகப் பதிந்து தர என்னைப் போன்ற பழைய புள்ளியியல் துறைக்காரர்களும் கூலி வாங்காமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்.