மாருதிக்கு மூன்றாவது கண்

திண்டுக்கல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் என் பழைய மாருதி 800. சிரிக்காதே, முழுக்கப் படி.

போன மாதம் திருச்சியிலிருந்து திரும்பும்போது, மணப்பாறை தாண்டி, இருட்டுகிற நேரத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த வேன் முட்டாத குறையாக நின்றது. “பிரேக் லைட்டே எரியலையே சார்” என்று டிரைவர் சண்டைக்கு வந்தார். மிதித்துக் காட்டினேன், இரண்டு பக்கமும் எரிந்தன. ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஹெட்லைட் போட்டால் பின்னால் எரிகிற 5 வாட் பார்க் லைட் இருக்கிற அதே பல்புக்குள்தான் 21 வாட் பிரேக் லைட்டும் எரிகிறது. வெளிறிப்போன பழைய மூடிக்குப் பின்னால் இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.

அப்போதுதான் பின்கண்ணாடியில் தனியாக மூன்றாவது பிரேக் லைட் ஒன்று வைப்பதென்று முடிவு செய்தேன். 1974இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் உளவியலாளர் 343 டாக்சிகளில் இப்படி விளக்கு பொருத்திப் பார்த்திருக்கிறார். பின்னாலிருந்து இடிபடுவது 60 சதவீதம் குறைந்ததாம். 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. எல்லாக் காரிலும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு பலன் 4 சதவீதச் சொச்சமாகச் சுருங்கிவிட்டதென்று பின்னால் கணக்கெடுத்தார்கள். அதுவும் போதும் எனக்கு. உயரத்தில் இருப்பதால் நடுவே ஒரு கார் வந்தாலும் அதன் கண்ணாடி வழியே அடுத்தவனுக்குத் தெரியும். பிரேக்குக்கு மட்டுமே எரிவதால் பார்க் லைட்டோடு குழம்பவும் வழியில்லை.

எல்.ஈ.டி. பட்டைதான் வாங்கினேன். இன்னொரு 21 வாட் பல்பைப் போட்டு அந்தக் கிழட்டு ஒயரிங்கையும் மிதி சுவிட்சையும் படுத்த மனம் வரவில்லை. எல்.ஈ.டி., சாதாரண பல்பைவிடச் சட்டென்று எரியும், கால் வினாடிக்கும் குறைவான வித்தியாசம்தான். ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பின்னால் வரும் வண்டி ஐந்து மீட்டர் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து ஒயர் இழுத்தேன். அவசரத்தில், ஒயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காமல் பார்க் லைட் ஒயரில் கோர்த்துவிட்டேன். ஹெட்லைட் போட்டதும் மேலேயும் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது! பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, எந்த ஒயரில் மட்டும் கரண்ட் வருகிறதென்று பார்த்து மாற்றினேன். பின்கதவு மடங்குகிற இடத்தில் ஒயரைத் தளர்வாக விட்டு ரப்பர் குழாய்க்குள் விட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் திறந்து மூடியே அறுந்துவிடும். முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாமென்று ஈயம் வைத்து ஒட்டினேன். நம்மூர் வெயிலில் டேப் பசை உருகி வழிந்துவிடும். விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே துளிகூட இடைவெளி விடவில்லை. விட்டால் சிவப்பு வெளிச்சம் உள்ளே திரும்பி ரியர் வியூ மிரரில் வந்து கண்ணைக் கூசவைக்கும்.

கடைக்காரர் மினுக்கி மினுக்கி எரிகிற ரகத்தைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். அது வாகனமா, சாமி புறப்பாடா? வேண்டாமென்றேன்.

உன் அம்பாசிடருக்கு இன்னும் சுலபம். ஒயர் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது, பின்சீட்டுக்கு மேலே பலகையும் உண்டு. அதற்கு முன்னால் ஒன்று செய். இன்றைக்கு ராத்திரி சுவரோரம் ரிவர்ஸில் நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பார். சுவரில் இரண்டு சிவப்பும் விழுகிறதா என்று எழுது. விழாவிட்டால் கல்யாணத்துக்கு வரும்போது டெஸ்ட் லாம்பையும் எடுத்து வருகிறேன்.

தங்கைக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
மணி