ஹாக்னாவ்: அக்கரை அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் சுவிஸ் பக்கத்து மூன்ஸ்டர்லிங்கனில் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், மேர்ஸ்பர்க் கோட்டைக்கு வலப்பக்கமாக ஒரு தேவாலயக் கோபுரமும் பச்சைச் சரிவும் தெரிகிறது, அது எந்த ஊர் என்று கேட்டிருந்தீர்கள். அது ஹாக்னாவ். இத்தனை வருஷமாக சுவிஸில் இருக்கிறீர்கள், படகுக்காரர்களைத் தவிர யாரும் அந்த ஊர்ப் பெயரை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே வருகிறவர்களும் மேர்ஸ்பர்க்கோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்பேன். இந்த ஊர்க் கதையில் பாதி உங்கள் கரையில்தான் நடந்திருக்கிறது.

முதலில் ஊர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். போடன்சே என்கிற கான்ஸ்டன்ஸ் ஏரியின் வடகரை, ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், மேர்ஸ்பர்க்குக்கும் இம்மென்ஸ்டாடுக்கும் நடுவில். மக்கள்தொகை ஆயிரத்து நானூறு சொச்சம். ரயில் கிடையாது. ரயில் பாதை இந்த இடத்தில் ஏரியை விட்டு உள்ளே வளைந்து மார்க்டோர்ஃப் வழியாகப் போய்விடுகிறது. கப்பல் துறையில் இறங்கினால் கூழாங்கல் கரை, நடைபாதை, அப்புறம் மரச்சட்ட வீடுகள், அவற்றின் நடுவே திருமுழுக்கு யோவான் தேவாலயம். அதற்கு மேலே பி31 நெடுஞ்சாலை. கோடைக் காலத்தில் இந்தச் சாலையைக் கடப்பது ஒரு தவம். சாலையைத் தாண்டினால் முழுக்கத் திராட்சை. அதற்கும் பின்னால், கல்மழைக்குப் பயந்து வலை போர்த்திய ஆப்பிள் தோட்டங்கள்.

இந்தச் சரிவு ரைன் பனியாறு விட்டுப்போன மண். தெற்கு பார்த்து நிற்பதால் வெயில் நேராக விழுகிறது. போதாததற்கு ஏரி நீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்கிறது. கோடையில் ஏரி சேர்த்து வைத்த வெப்பத்தை இலையுதிர் காலத்தில் மெல்ல மெல்ல விடுகிறது. கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில் திராட்சை பழுக்க இதுதான் காரணம். மேலே வில்ஹெல்ம்ஸ்ஹோஹே என்று ஒரு மேடு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான ஃபூன் காற்று அடிக்கும் நாளில் அங்கே ஏறினால், 2502 மீட்டர் உயரமுள்ள சாண்டிஸ் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

இனி உங்கள் ஊர் சங்கதி. மூன்ஸ்டர்லிங்கன் மடத்துத் தேவாலயத்துக்குள் போயிருக்கிறீர்களா? அங்கே நற்செய்தியாளர் யோவானின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. ஏரி முழுதாக உறைந்தால் அதை ஊர்வலமாகப் பனிக்கட்டி மேல் நடந்தே எதிர்க்கரைக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த முறை ஏரி உறையும்வரை சிலை அந்தக் கரையிலேயே இருக்கும். 1573இல் தொடங்கிய வழக்கம். 1830இல் உங்கள் கரையிலிருந்து ஹாக்னாவுக்கு வந்த சிலை 133 வருஷம் இங்கேயே இருந்தது. 1963 பிப்ரவரி 12 அன்று ஹாக்னாவ்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு, ஏழெட்டு கிலோமீட்டர் பனிமேல் நடந்து உங்கள் பக்கம் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடவே போனார்கள். அந்த நாட்களில் ஏரிமேல் சைக்கிள் ஓடியது, கார் ஓடியது, சின்ன விமானங்கள்கூட இறங்கின. அன்றிலிருந்து சிலை உங்களிடம்தான் இருக்கிறது. கணக்குப்படி அடுத்த முறை நீங்கள் கொண்டுவந்து தர வேண்டும்.

ஆனால் அந்த அடுத்த முறை வருமா என்பதே சந்தேகம். குளம் குட்டை மாதிரி இந்த ஏரி ஒரு வாரக் குளிருக்கெல்லாம் உறையாது. ஆழமான இடத்தில் 250 மீட்டருக்கு மேல் போகிறது. தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்க, கீழே இருக்கும் சற்றே வெதுவெதுப்பான நீர் மேலே வரும். அத்தனை ஆழமும் நான்கு டிகிரியை ஒட்டி வரும்வரை மேற்பரப்பு உறைய வழியில்லை. அதற்கு முன்பனியில் தொடங்கிப் பின்பனி முடியும்வரை விடாத குளிர் வேண்டும், காற்றும் அடங்கியிருக்க வேண்டும். 1962-63 குளிர்காலம் அப்படி அமைந்தது. உங்கள் பக்கத்தில் இதே ஏரியின் மேற்குப் பகுதியான கீழ் ஏரி ஆழம் குறைவு, அது அவ்வப்போது உறையும். இந்தப் பெரிய ஏரி 1963க்குப் பிறகு முழுதாக உறைந்ததே இல்லை. இப்போது தண்ணீரும் ஆண்டுக்காண்டு சூடேறுகிறது.

சரி, திராட்சைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் சாலெம், வைன்கார்ட்டன் போன்ற பெரிய மடங்கள் இங்கே நிலபுலன் வைத்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடங்களின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது, ஊர் பாடன் நாட்டோடு சேர்ந்தது. விவசாயி மட்டும் கடனாளியாகவே இருந்தான். கையில் காசு இல்லாதவன் அறுவடை முடிந்த கையோடு வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இடைத்தரகர் தொல்லை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1869இல் ஹைன்ரிஷ் ஹான்ஸ்யாகோப் என்று ஒரு பாதிரியார் இந்த ஊருக்கு வந்தார். கருங்காட்டுப் பக்கம் ஹாஸ்லாக்கில் 1837இல் பிறந்தவர். அகலமான விளிம்பு வைத்த பெரிய தொப்பியும் அடங்காத வாயுமாக இருந்த மனிதர். அரசைச் சாடிப் பேசியதற்காக இரண்டு முறை சிறைக்குப் போயிருக்கிறார், பாடன் சட்டமன்றத்திலும் இருந்திருக்கிறார், புத்தகம் புத்தகமாக எழுதியும் தள்ளியிருக்கிறார். 1881இல் இவர் ஹாக்னாவ் விவசாயிகளைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். எல்லாருடைய திராட்சையும் ஒரே இடத்துக்கு வரும், சேர்ந்து ஒயின் ஆக்குவார்கள், சேர்ந்து விற்பார்கள். பாடனில் முதல் திராட்சை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அதுதான். 1884இல் அவர் ஃப்ரைபர்க்குக்குப் போய்விட்டார். சங்கம் இன்றும் அதே ஊரில் நடக்கிறது. பிரசங்கம் செய்த பாதிரியார்கள் ஏராளம். கணக்குப் புத்தகம் திறந்து வைத்தவர் என்பதால்தான் எனக்கு இவரைப் பிடிக்கும்.

இதைவிடச் சுவாரசியம் அடுத்தது. உங்கள் துர்காவ் மாநிலத்து டேகர்வீலனில் பிறந்தவர் ஹெர்மன் முல்லர். ஜெர்மனியில் கைசன்ஹைம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1882இல் இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து ஒரு புதிய வகையை உருவாக்கினார். பின்னாளில் சுவிஸுக்குத் திரும்பியபோது அந்தச் செடிகளும் அவர் பின்னாலேயே வந்தன. முல்லர்-துர்காவ் என்று பெயர் வந்தது அவரால். ரீஸ்லிங், சில்வானர் என்ற இரண்டு வகைகளின் கலப்பு என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார். உங்கள் கடைகளில் இன்னமும் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். மரபணுச் சோதனையில் சில்வானர் இல்லை, மடலேன் ரோயால் என்று தெரிந்தது.

இந்த வகை இங்கே வந்தது கள்ளத்தனமாக. பாடன் அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. 1925 வசந்தத்தில், ஹாக்னாவை அடுத்துள்ள கிர்ஷ்பெர்க் கோட்டைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ரோரன்பாக் குடும்பத்து இளைஞர் ஒருவர், மீனவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரவில் துடுப்புப் போட்டுப் போய், துர்காவிலிருந்து 400 செடிகளைக் கொண்டுவந்தார். சுங்கக்காரன் கண்ணில் படவில்லை. அந்த வகை இன்று ஏரிக்கரையின் முக்கியமான வெள்ளைத் திராட்சை. நீங்கள் கரையில் நின்று பார்க்கும் பச்சையில் ஒரு நல்ல பங்கு உங்கள் கரைச் செடியின் வாரிசு.

எல்லை பற்றியும் கேட்டீர்கள். இந்தப் பெரிய ஏரியின் நடுவே நாடுகள் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. சுவிஸ் நடுக்கோடு என்கிறது, ஆஸ்திரியா பொதுச்சொத்து என்கிறது, ஜெர்மனி வாயைத் திறப்பதில்லை. மீன் பிடிக்க மட்டும் 1893லேயே பிரெகென்ஸில் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். 25 மீட்டருக்கு மேல் ஆழமான நீர் எல்லாருக்கும் பொது.

மீன் என்றதும் உங்களுக்கு நாக்கு ஊறும், ஆனால் கெட்ட செய்தி. ஊரின் பெயர்போன நீல ஃபெல்கன் மீனைப் பிடிக்க 2024 தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டுத் தடை போட்டார்கள். சாக்கடை நீரைச் சுத்திகரித்து விட ஆரம்பித்த பிறகு ஏரி தெளிந்துவிட்டது, மீனுக்கு இரை குறைந்துவிட்டது. மிச்சத்தில் முள்மீன் பங்கு கேட்கிறது. 2016இல் கண்டுபிடிக்கப்பட்ட குவாகா சிப்பி வேறு, தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. ஓட்டலில் ஃபெல்கன் என்று தட்டில் வைத்தால், எந்த ஏரி மீன் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

வரும்போது கான்ஸ்டன்ஸிலிருந்து மேர்ஸ்பர்க்குக்குக் கார்ப் படகில் வாருங்கள். 1928 முதல் ஓடுகிறது, கால் மணி நேரம்தான். காரை மேர்ஸ்பர்க்கில் விட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டங்களின் வழியே நடந்து வந்தால் இன்னும் நல்லது. செப்டம்பர் கடைசியில் அறுவடை நடக்கும். வீட்டு வாசல்களில் ஆப்பிள், ஜாம் எல்லாம் அடுக்கி, பக்கத்தில் ஒரு காசுப்பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது, சில்லறை எடுத்து வாருங்கள். திரும்பும்போது சங்கத்தில் ஒயின் வாங்கலாம். வயது வந்தவர் ஆளுக்கு ஐந்து லிட்டர் வரை சுவிஸ் சுங்கமே விடுகிறது, நள்ளிரவில் துடுப்புப் போட வேண்டியதில்லை.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி